படச்சுருள் தேடிய தமிழர்



1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் இருபத்தாறு அகவையும் நிரம்பாத இளைஞர் ஒருவர் இருந்தார். அன்று காந்தியடிகள் பிறந்தநாள். அவர்தம் வாழ்வை ஆவணப்படமாக்கும் எண்ணம் அக்கடல்நடுவே முகிழ்த்தது. கோட்டையூரில் பிறந்து, தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்ற ஏ.கே. செட்டியாரே அவ்விளைஞர்.

கதைப்படம் எடுப்போர்க்கு நடிகரும் அரங்கும் உண்டு. இவர்க்கோ நடந்து முடிந்த காலமே வேண்டியிருந்தது! ஏறத்தாழ 100 ஒளிப்பதிவாளர்கள் 30 ஆண்டுகளில் எடுத்த சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. போர் மூண்ட காலத்தும் அவற்றைத் தேடி நூறாயிரம் கல் தொலைவு அலைந்தார். திரண்டது 50,000 அடி. படமானது 12,000 அடி.

1940 ஆகசுட்டு 23இல் சென்னையில் அப்படம் வெளிவந்தது. அது முதலில் பேசிய மொழி எது? இந்தியன்று, ஆங்கிலமன்று, தமிழே! தெலுங்கு அடுத்து வந்தது. இந்தி வடிவம் 1947இலும், ஆலிவுட்டில் உருவான ஆங்கில வடிவம் 1953இலுமே வந்தன.

ஆங்கிலச் சுருக்கத்தின் படியொன்று பின்னாளில் அயல்நாட்டில் கண்டெடுக்கப்பட்டது. தமிழ்ப்படமோ கிடைத்தபாடில்லை. பிறர் பெட்டிகளில் உறங்கிய சுருள்களையெல்லாம் மீட்டவரின் சுருளைக் காக்கத் தமிழ்நாட்டில் ஒரு பெட்டி இல்லாமற் போயிற்றே! எவரைக் குறை சொல்வது?

1943இல் அவர் தொடங்கிய 'குமரிமலர்' இதழிலும் இதே தேடல்தான். மறக்கப்பட்ட பழந்தமிழ்க் கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சேற்றினார். 1983இல் மறைந்தார். அவ்விதழ்த் தொகுதிகளேனும் நூலகங்களில் எஞ்சியுள்ளன.