கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணி

நான் வாசலூர்பட்டி. பத்தாவது படிச்சிருக்கேன். தண்ணி பரிசோதனை பத்திப் பேசச் சொன்னாங்க.

2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வீட்டுக் குழாயிலேயே வரணும் என்பது கணக்கு. ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி பரிசோதிக்கப் பயிற்சி தரணும் என்பதும் அதே திட்டத்தில் இருக்கு. குழாய் வந்தது எல்லாருக்கும் தெரியும். இந்த 5 பேர் சங்கதிதான் பல பேருக்குத் தெரியாது.

டேங்கில் பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 4 கிராம் போடணும். 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். வாளியில் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, அரை மணி நேரமாவது கழிச்சுத்தான் திறந்து விடணும். வாடை அடிக்குதுன்னு சில பேர் டேங்க் ஆபரேட்டர்கிட்ட சண்டைக்குப் போறாங்க. பேச்சு வாங்க முடியாம அவரும் குறைச்சுப் போடுறார். மழைக் காலத்தில் பிள்ளைக்கு வயித்தாலே போனா, தூக்கிட்டு ஓடுறது யாரு? நாமதானே.

வாடையை மூக்கால பார்த்துச் சொல்லக் கூடாது. சின்னக் குழாயில் தண்ணி பிடிச்சு மருந்துச் சொட்டு விட்டா மஞ்சளா மாறும். அட்டையில இருக்கிற நிறத்தோட ஒத்துப் பார்க்கணும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்கணும். இதை டேங்க் அடியில பார்த்துப் பிரயோஜனமில்ல, கடைசி வீட்டுக் குழாயில் பாருங்க. டேங்கில் மஞ்சள் வந்து கடைசி வீட்டில் வரலைன்னா, நடுவுல எங்கேயோ குழாய் உடைஞ்சிருக்கலாம். தண்ணி நிறுத்தினதும் காலிக் குழாய் அந்த ஓட்டை வழியா சாக்கடையை உறிஞ்சிக்கும். கிருமி பார்க்கிற பாட்டிலும் பெட்டியில இருக்கு. ஒன்றிரண்டு நாளில் கருப்பாச்சுன்னா அந்தத் தண்ணியைக் காய்ச்சாம குடிக்காதீங்க.

ஒடிசாவில் நம்மளை மாதிரி குழுப் பெண்களை ‘ஜலசாதி’ன்னு வச்சிருக்காங்க. வீடு வீடாப் போய் தண்ணி பார்க்கிறாங்க, மீட்டர் கணக்கு எடுக்கிறாங்க, பணம் வசூல் பண்றாங்க. வசூலில் ஒரு பங்கு அவங்களுக்கு. பூரி நகரத்தில் 2021-லிருந்து குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். அது டவுன், வசதி வேற. ஆனா வேலை இதே வேலைதான். அங்கே காசு உண்டு, இங்கே சேவைன்னு சொல்லிடறாங்க. எனக்கு அதில் சம்மதமில்ல. ஆபரேட்டருக்கும் நமக்கும் பயிற்சியை ஒண்ணா வைக்கணும், நமக்கும் கூலி பேசணும்.

மார்ச் 22 கிராம சபையில், உங்க ஊர் தண்ணி முடிவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. மருந்துப் பாட்டிலில் தேதி முடிஞ்சிருக்கான்னும் பாருங்க. பெட்டி வராத ஊர்க்காரங்க சாப்பாட்டுக்கு அப்புறம் என்கிட்ட பேர் கொடுங்க, இன்னைக்கே மனு எழுதிடலாம்.