மண் போனால் கொழுந்தும் போகும்

(நோர்வூட் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலநிலை மாற்றம் என்றால் படித்தவங்க பேசுற விஷயம் என்று நாம் இருந்துவிட முடியாது. சூடு ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 வீதம் அதிக நீராவியைச் சுமக்கும். அதனால்தான் மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகத்தில் மண் சரிந்து போன உயிர்களை நாம் மறக்கவில்லை.

மழையை நிறுத்த நம்மால் முடியாது. மண்ணைப் பிடித்து வைக்க முடியும். சரிவில் ஓடுற தண்ணி முதலில் அடித்துக்கொண்டு போவது சத்துள்ள மேல்மண்ணைத்தான். அது கெசல்கமு ஓயாவில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் உரம் விலையேறிவிட்டது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. மண்ணின் சத்தை ஒரே நாளில் சேர்க்க முடியாது என்பதே அதில் நாம் கற்ற பாடம்.

இனி மிலாறு விஷயத்துக்கு வருவோம். கவ்வாத்து வெட்டியதும் மிலாறைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போகிறோம். அடுப்பு எரிய வேண்டுமே! தாய்மார்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் குச்சியும் இலையும் தேயிலை அடியில் கிடந்தால் மழையின் அடியைத் தாங்கும், ஈரத்தைக் காக்கும், மக்கி உரமாகும். ஆகவே தடித்த வாதுகளை மட்டும் எடுங்கள். மற்றதை மலையிலேயே விடுங்கள். விறகு மரம் நட தரிசு நிலம் ஒதுக்கும்படி நிர்வாகத்திடமும் நாம் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் மிலாறைத் தொடாதே என்பது நியாயமாகாது.

லயத்துக் குப்பையைக் கானில் கொட்டாதீர்கள். அடைத்த கான் தண்ணியை வீட்டுக்குள் திருப்பிவிடும். மரக்கறித் தோட்டத்தில் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். பீலிக்குத் தண்ணி வருகிற ஊற்றைச் சுற்றி மரம் வெட்டாதீர்கள். நிலம் வெடித்தாலோ, சுவரில் புதிதாக விரிசல் விட்டாலோ, ஊற்றுத் தண்ணி திடீரெனக் கலங்கினாலோ, பிள்ளைகளோடு உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். சாமான் சட்டியைப் பிறகு பார்க்கலாம்.

மலை யார் பெயரில் இருந்தாலும் அதில் வாழ்வது நாம்தான். மண் இருந்தால் கொழுந்து இருக்கும். கொழுந்து இருந்தால்தான் நமக்கு வேலை இருக்கும்.