தோத்த மேட்ச்ல அடிச்ச 20 ரன்

மதுரையிலிருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோடு கிரிக்கெட் பத்தி. யார் பெரிய பிளேயர்ங்கிற சண்டை இல்ல, பயப்படாதீங்க. பாயிண்ட்ஸ் டேபிள் பத்தி. லீக் சுற்று முடியுற அந்தக் கடைசி ராத்திரிகள்ல, ஒரு கண்ணு டிவியிலயும் ஒரு கண்ணு போன் கால்குலேட்டர்லயும் வச்சுக்கிட்டு உட்காருவோம்ல, அதைப் பத்தி.

2024 மே 18, சனிக்கிழமை. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்துல ஆர்.சி.பி.யும் சி.எஸ்.கே.யும். நண்பன் வீட்டு மொட்டை மாடியில வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, புரொஜெக்டர் போட்டு, பதினஞ்சு பேர் பார்த்தோம். பதினாலு பேர் மஞ்சள். ஒருத்தன் மட்டும் சிவப்பு. அவன் என் அத்தை பையன். பெங்களூருல வேலை, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான்.

நிலைமை என்னன்னா, கொல்கத்தா, ராஜஸ்தான், ஹைதராபாத் மூணு டீமும் ஏற்கெனவே உள்ள போயாச்சு. மிச்சம் இருந்தது நாலாவது இடம் மட்டும்தான். சி.எஸ்.கே. கிட்ட 14 பாயிண்ட், ஆர்.சி.பி. கிட்ட 12. சி.எஸ்.கே. ஜெயிச்சா கதை முடிஞ்சது. ஆர்.சி.பி. ஜெயிச்சா ரெண்டு பேருக்கும் 14. அப்போ நெட் ரன் ரேட். ஆர்.சி.பி. 218 அடிச்சதும் கணக்கு தெளிவாயிடுச்சு: மேட்ச் ஜெயிக்க சி.எஸ்.கே.வுக்கு 219 வேணும், ஆனா உள்ள போக 201 போதும்.

அதாவது, தோத்தாலும் பரவாயில்ல, கொஞ்சமா தோத்தா போதும். இதை எங்க அப்பாவுக்குப் புரிய வைக்கவே எனக்கு ரெண்டு ஓவர் ஆச்சு.

கடைசி ஓவர். 201-ஐத் தொட 17 ரன் வேணும். பந்து யாஷ் தயாள் கையில. முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு கடைசி ஓவர்ல ரிங்கு சிங் கிட்ட வரிசையா அஞ்சு சிக்ஸ் வாங்கினவர். முதல் பந்து, தோனி, சிக்ஸ். ஸ்டேடியத்துக்கு வெளியே போச்சு பந்து. எங்க மாடியில வேட்டியே அவுந்து விழுந்துடுச்சு. ரெண்டாவது பந்து, தோனி அவுட். மிச்ச நாலு பந்துல ஒரே ஒரு ரன். சி.எஸ்.கே. 191. 27 ரன்ல தோல்வி. பத்து ரன் பத்தல.

அன்னைக்கு ராத்திரி மாடியில ரொம்ப நேரம் ஒரே சண்டை. "தோனி அந்தப் பந்தை விட்டுருக்கலாம்", "ஜடேஜாவுக்கு ஸ்ட்ரைக் குடுத்திருக்கலாம்", "முதல் பந்துலயே கேப்டன் அவுட் ஆனா என்ன பண்றது". எல்லாமே அந்த ஒரு மேட்சுக்குள்ளயே சுத்துது. அத்தை பையன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான்: "மாப்ள, நீங்க இன்னைக்குத் தோக்கலடா. போன மாசமே தோத்துட்டீங்க." அப்போ அவனை அடிக்காம விட்டதே பெருசு. ஆனா அது மண்டையிலயே நின்னுடுச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தேன்

மறுநாள் ஞாயித்துக்கிழமை. லேப்டாப்பைத் திறந்து, சி.எஸ்.கே. ஆடின 14 மேட்ச் ஸ்கோரையும் ஒரு ஃபைல்ல போட்டு, குட்டியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

நெட் ரன் ரேட் ரொம்ப எளிமையான விஷயம். சீசன் முழுக்க நீங்க அடிச்ச மொத்த ரன்னை, நீங்க ஆடின மொத்த ஓவரால வகுங்க. எதிரிகள் உங்ககிட்ட அடிச்ச மொத்த ரன்னை, அவங்க ஆடின ஓவரால வகுங்க. முதல்ல வந்ததுல இருந்து ரெண்டாவதைக் கழிங்க. அவ்வளவுதான். விக்கெட்டுக்கு இதுல மதிப்பே கிடையாது. ரெண்டு விக்கெட் இழந்து சேஸ் பண்ணாலும், ஒன்பது விக்கெட் இழந்து பண்ணாலும் ஒண்ணுதான்.

இவ்வளவு எளிமையா இருந்தும் நான் ரெண்டு தப்பு பண்ணேன். 18.4 ஓவரை அப்படியே தசமமா எடுத்துக்கிட்டேன். அது 18 ஓவர், 4 பந்து. அதாவது 18.67. கோட் எழுதுறவன் இப்படியா பண்ணுவான்னு சிரிக்காதீங்க, நிறைய பேர் இதுலதான் விழுறாங்க. ரெண்டாவது தப்பு இன்னும் சுவாரசியமானது. ஒரு டீம் ஆல் அவுட் ஆனா, அது எத்தனை ஓவர்ல ஆனாலும் முழு 20 ஓவர்னுதான் கணக்கு. சேப்பாக்கத்துல ஹைதராபாத் 18.5 ஓவர்ல 134-க்கு ஆல் அவுட். நான் 18.5-ஐயே போட்டதுல சி.எஸ்.கே.வுக்கு 0.354-னு வந்தது. 20-னு மாத்தினதும் சரியா 0.392. டேபிள்ல இருந்த அதே எண்.

மொத்தத்தைப் பாருங்க. சி.எஸ்.கே. அடிச்சது 2524 ரன். விட்டது 2415. ரெண்டு மாசம், 14 மேட்ச், வித்தியாசம் வெறும் 109 ரன். ஆர்.சி.பி.யோட நெட் ரன் ரேட் 0.459. ரெண்டு டீமுக்கும் நடுவுல இருந்தது 0.067.

இந்த 0.067-ஐ ரன்னா மாத்திப் பார்ப்போம். சீசன் முழுக்க ஒரு டீம் ஆடுறது கிட்டத்தட்ட 275 ஓவர். அப்போ ஒரு ரன்னோட விலை 275-ல ஒரு பங்கு. நேருக்கு நேர் மோதும்போது அதே ரன் ரெண்டு கணக்குலயும் விழும். நமக்கு ஏறும், அவங்களுக்கு இறங்கும். அதனாலதான் அன்னைக்கு 10 ரன் போதுமா இருந்துச்சு. ஆனா வேற எந்த மேட்சா இருந்தாலும் அது ஒரு பக்கம்தான் ஏறும். அப்போ தேவை கிட்டத்தட்ட 19 ரன். 13 மேட்ச்ல பரவிக் கிடக்கிற ஒரு 19 ரன்.

ஏப்ரல்ல என்ன நடந்துச்சு

இப்போ அத்தை பையன் சொன்ன "போன மாசத்துக்கு" வருவோம்.

ஏப்ரல் 15. இதே சின்னசாமி. ஹைதராபாத் 287 அடிச்சாங்க. டிராவிஸ் ஹெட் சதம். அதுவரைக்கும் ஐ.பி.எல். வரலாற்றுல அவ்வளவு பெரிய ஸ்கோர் கிடையாது. ஆர்.சி.பி. அப்போ ஆறு மேட்ச்ல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சு டேபிளோட அடியில கிடந்தாங்க. 287-ஐப் பார்த்ததும் நான் டிவியை ஆஃப் பண்ணிட்டேன். இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?

இருந்துச்சு. நம்ம தினேஷ் கார்த்திக் வந்து 35 பந்துல 83 அடிச்சார். ஆர்.சி.பி. 262 வரைக்கும் போய், 25 ரன்ல தோத்தாங்க. பாயிண்ட் பூஜ்யம். மறுநாள் பேச்செல்லாம் 287 பத்திதான். கார்த்திக்கோட 83 ஆறுதல் பரிசு மாதிரி ஓரமா நின்னுச்சு.

ஸ்கிரிப்ட்ல அந்த 262-ஐ எடுத்துட்டு 242-னு போட்டுப் பார்த்தேன். வெறும் 20 ரன் கம்மி, மத்ததெல்லாம் அப்படியே. ஆர்.சி.பி.யோட நெட் ரன் ரேட் 0.392-க்குக் கீழ போயிடுது. மே 18 அன்னைக்கு 27 ரன்ல ஜெயிச்சும் வெளியதான் நின்னிருப்பாங்க.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடுறேன். அப்படி ஆகியிருந்தா அன்னைக்கு இலக்கே வேறயா இருந்திருக்கும், ரெண்டு டீமும் வேற மாதிரி ஆடியிருப்பாங்க. அதனால இதை நிரூபணம்னு சொல்ல மாட்டேன். ஆனா ரன்னோட விலை மாறல. ஜெயிக்கவே முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு மேட்ச்ல ஒருத்தர் விடாம அடிச்ச ரன், ஒரு மாசம் கழிச்சு டேபிள்ல வந்து உட்கார்ந்துச்சு.

அடுத்தது ஏப்ரல் 23. மதுரைக்காரங்களுக்குத் தேதி மறக்காது. காலையில அழகர் வைகையில இறங்கினார். தண்ணி பீய்ச்சு அடிச்சதுல நனைஞ்சு, கூட்டத்துல ஒரு செருப்பைத் தொலைச்சுட்டு, மதியம் தூங்கி எழுந்து, சாயங்காலம் மேட்ச். சேப்பாக்கத்துல சி.எஸ்.கே. 210. லக்னோவுக்கு ஸ்டாய்னிஸ் 124. கடைசி ஓவர்ல அவங்களுக்கு எத்தனை வேணும் தெரியுமா? 17. மூணு பந்து மிச்சம் வச்சு முடிச்சுட்டாங்க.

அதே 17. ஏப்ரல்ல நாம தடுக்க முடியாத 17, மே மாசம் நாம அடிக்க முடியாத 17. ஏப்ரல்ல தடுத்திருந்தா 16 பாயிண்ட், சின்னசாமிக்குக் கால்குலேட்டரே கொண்டு போயிருக்க வேண்டாம். ஆனா யாரைக் கேட்டாலும் தோனி அவுட்டான பந்துதான் ஞாபகம் இருக்கு.

இது நியாயமா?

"ரன் ரேட்டை வச்சு ஒரு டீமை வெளிய அனுப்புறது அநியாயம்"னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. வேற எதை வைப்பீங்க? வெற்றி எண்ணிக்கையா? ரெண்டு பேருக்கும் ஏழு. நேருக்கு நேரா? மார்ச் 22 சேப்பாக்கத்துல சி.எஸ்.கே., மே 18 பெங்களூருல ஆர்.சி.பி. அதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்ல. ஆஸ்திரேலியாவுல முட்டை வடிவப் பந்தை வச்சு ஆடுற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் இருக்கு. ஒரு வெற்றிக்கு 4 பாயிண்ட். சமமா வந்தா, அடிச்ச ஸ்கோரை விட்ட ஸ்கோரால வகுத்து நூறால பெருக்கி ஒரு சதவீதம் எடுப்பாங்க. 2017-ல மெல்போர்னும் வெஸ்ட் கோஸ்ட்டும் தலா 12 வெற்றி. கடைசி நாள்ல வெஸ்ட் கோஸ்ட் ஜெயிச்சு, அரை சதவீத வித்தியாசத்துல எட்டாவது இடத்தைப் பிடிச்சு உள்ள போயிட்டாங்க. மெல்போர்ன் ரசிகர்களும் நம்மள மாதிரிதான் அன்னைக்குக் கணக்கு போட்டிருப்பாங்க.

அது மட்டும் இல்ல. நம்ம ஐ.பி.எல். பிளேஆஃப் முறையே அங்கிருந்து வந்ததுதான். முதல் ரெண்டு இடத்துக்கு ரெண்டு வாய்ப்பு, மூணு நாலுக்கு ஒரே வாய்ப்பு. கென் மெக்கின்டயர் வடிவமைச்சு, ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த பெர்சி பேஜ் முன்வச்சு, 1931-ல விக்டோரியா லீக்ல வந்தது. ஐ.பி.எல். இதை 2011-ல எடுத்துக்கிச்சு. இதோட பலனையும் 2024-லயே பார்த்தோம். ஹைதராபாத், ராஜஸ்தான் ரெண்டுக்கும் 17 பாயிண்ட். குவாஹாட்டியில ராஜஸ்தானோட கடைசி மேட்ச் மழையில போச்சு. ரன் ரேட்ல ஹைதராபாத் ரெண்டாவது. முதல் குவாலிஃபயர்ல கொல்கத்தாகிட்ட தோத்தும், ரெண்டாவது வாய்ப்புல ராஜஸ்தானைத் தோக்கடிச்சு ஃபைனல் ஆடினாங்க.

கடைசியா என் கதை

இதெல்லாம் ஏன் இவ்வளவு நேரம் பேசுறேன்னா, எனக்கும் ஒரு டேபிள் இருந்துச்சு. இன்ஜினியரிங் மூணாவது செமஸ்டர்ல ஒரு பேப்பர். எப்படியும் நல்ல கிரேடு வராது, பாஸ் ஆனா போதும்னு முடிவு பண்ணி, கடைசி ரெண்டு யூனிட்டைத் தொடவே இல்ல. பாஸ் ஆனேன். ரெண்டு வருஷம் கழிச்சு கேம்பஸ்ல ஒரு நல்ல கம்பெனி வந்துச்சு. கட்-ஆஃப் 7. என்கிட்ட 6.96.

அன்னைக்கு நான் யாரைத் திட்டினேன் தெரியுமா? கடைசி செமஸ்டர்ல வைவா எடுத்த சாரை. அவர்தான் மார்க்கைக் குறைச்சுட்டார்னு. மூணாவது செமஸ்டர் பேப்பர் எனக்கு ஞாபகமே வரல. நான் டிவியை ஆஃப் பண்ண மேட்ச் அது.

வேலை அப்புறம் கிடைச்சது, அது பிரச்சினை இல்ல. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை 262-ஐ 242-னு மாத்தி ஸ்கிரிப்டை ஓட்டினப்போ, எனக்கு அந்த ரெண்டு யூனிட்தான் ஞாபகம் வந்துச்சு. உடனே அத்தை பையனுக்கு போன் போட்டு, "மாப்ள, நீ சொன்னது சரிதான்டா"ன்னேன். "எதைச் சொல்ற?"ன்னு கேட்டான். அவனுக்கு மறந்தே போச்சு.

சரி மக்களே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த சீசன்ல உங்க டீம் மோசமா தோத்துக்கிட்டு இருக்கிற ஒரு மேட்சைப் பிடிங்க. டிவியை ஆஃப் பண்ணாம கடைசி அஞ்சு ஓவரைப் பாருங்க. எத்தனை ரன் வந்துச்சுன்னு குறிச்சு வையுங்க. லீக் முடிஞ்சதும் எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.