பெயர்த் தகடும் பெயர்ப் பட்டியலும்

தை பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் வெற்றிக் கிண்ணத்துக்கும் பதக்கத்துக்கும் பெயர் பொறித்துக் கொடுப்பவருக்கு அது தூக்கம் கெடும் காலமும்கூட. பொறிப்பதால் கெடுவதல்ல. லேசர் இயந்திரத்தில் இருநிறப் பிளாஸ்டிக் தகட்டை வைத்தால் மேல்நிறம் எரிந்து, அடியிலிருக்கும் நிறம் எழுத்தாகத் தெரியும், அவ்வளவுதான். இடுப்பை ஒடிப்பது கணினி முன்னால் நடக்கும் வேலை. ஆசிரியர் கையால் எழுதித் தந்த தாளைப் பார்த்து ஒரு பெயரை அடிக்க வேண்டும், நடுவில் நிறுத்த வேண்டும், பெரிதாக இருந்தால் குறைக்க வேண்டும். பிறகு அடுத்த பெயர். நூறு பிள்ளைகள் என்றால் நூறு தரம்.

இந்த வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். பெயர், இல்லம், போட்டி, இடம் என்று எக்ஸெல்லில் நிரல் நிரலாக ஒரு பட்டியல். தகட்டின் வடிவம் ஒரே ஒரு முறை. இரண்டையும் இணைத்துவிட்டால் ஒவ்வொரு நிரைக்கும் ஒரு தகடு தானாக வந்து விழும். கோரல் ட்ரோவில் இதற்குப் பெயர் பிரிண்ட் மேர்ஜ். லேசர்காரர்கள் வைத்திருக்கும் லைட்பேர்னிலும் இந்த வசதி உண்டு.

கேட்க இலகுவாக இருக்கிறது. தமிழில் செய்யப் போனால்தான் சங்கடம் தெரியும். பட்டியலைச் சாதாரண சீஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் என்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு மாறியதும் உளறலாகிவிடும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வந்தாலும், சில மென்பொருள்களுக்குத் தமிழைக் கோக்கத் தெரியாது. 'செல்வி' என்று அடித்தால் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். நூறு தகடு வெட்டுவதற்கு முன் ஒன்றை வெட்டிப் பாருங்கள்.

அளவு இன்னொரு தலைவலி. க. ரவியும் வி. முத்துலெட்சுமியும் ஒரே நீளத் தகட்டில் வர வேண்டும். இயந்திரத்திடம் 'இடத்துக்குள் அடக்கு' என்று சொன்னால் ரவி பூதாகரமாகவும் முத்துலெட்சுமி எறும்பாகவும் வருவார்கள். பட்டியலில் மிக நீளமான பெயருக்கு அளவு பிடித்து, அதையே எல்லாருக்கும் வைப்பது என் வழி. எழுத்து மிகச் சிறிதானால் புள்ளி தெளிவாக விழாமல் போகும் என்பதையும் மறக்கக்கூடாது. புள்ளி போனால் 'கண்ணன்' என்ன ஆவார் என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

தோட்ட அலுவலகத்துக்கு ஊழியர் அட்டை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸெல் தொலைபேசி எண்ணின் முன்னாலுள்ள பூச்சியத்தைத் தின்றுவிடும். 2016க்குப் பிறகு வந்த 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் சுருக்கிக் குழப்பிவிடும். எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவைத்தால் பிரச்சினை இல்லை.

தோட்டத்து மக்களுக்குத் தகடு புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது 'தகர டிக்கெட்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். தோட்டத்தின் எண், ஆளின் எண் இரண்டும் பொறித்த சின்னத் தகரம். அந்த எண்ணைப் பார்த்து வழிச் செலவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். சுமந்து வந்தவரின் பெயர் அதில் இல்லை.

பெயர் எழுதத் தொடங்கிய பிறகும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. தமிழ் தெரியாத பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியதில், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்கள் இன்றும் எத்தனையோ பேர். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ உள்ள பெயரைத் தமிழாக்க மென்பொருளிடம் மட்டும் விடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். இடம் பிடிப்பது, அளவு பார்ப்பது, வரிசை போடுவது எல்லாம் இயந்திரம் செய்யட்டும். பெயரைப் பெயருக்குரியவரோ வகுப்பாசிரியரோ சொல்லட்டும். பட்டியலைத் தாளில் அச்சிட்டுப் பாடசாலைக்கு அனுப்பி, அதிபரின் கையெழுத்து வந்த பிறகு லேசரை ஓட்டினால் போதும்.

அந்தப் பட்டியலை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டாம். அடுத்த தையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை ஏற்றி, விலகியவர்களை நீக்கி, போட்டி நிரலை மாற்றினால் வேலை பாதி முடிந்தது.