இரு வீட்டுப் பிள்ளை



தாயும் தந்தையும் பிரிந்து வாழும் இல்லத்துப் பிள்ளையின் மனநிலை குறித்துச் சில கூற விழைகின்றேன். வானொலியில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் கருதக்கூடும். வகுப்பில் உங்கள் அருகே அமர்ந்திருப்பவனின் துயரத்தை வேறெங்கே பேசுவது?

தந்தை அருகில் இல்லாமை நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்குப் புதியதன்று. அறந்தாங்கி, ஆலங்குடிப் பகுதிகளிலிருந்து முன்னர் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றோர் பலர். அவர்தம் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லியிருக்கின்றேன். ஆண்டுக்கணக்கில் தந்தையின் முகம் காணாதிருந்தும், அவர் பெயரைச் சொல்லும்போது அப்பிள்ளைகளின் குரல் தாழ்ந்ததில்லை. அடுத்த தெருவிலேயே தந்தை இருந்தும், வீட்டில் அவர் பேச்சை எடுக்கலாகாத பிள்ளைகளையும் கண்டிருக்கின்றேன். பிள்ளையை வாட்டுவது தொலைவைக் காட்டிலும் பகையே என்பது என் துணிபு.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தாயுடன் இருந்தான்; சனிக்கிழமைதோறும் தந்தை வீடு செல்வான். “கட்டணத்துக்குப் பணம் வாங்கி வா” என்று தாய் அனுப்புவார், “அங்கே யார் வந்து போகிறார்கள்?” என்று தந்தை வினவுவார். 14 வயதில் அவன் தூதனும் ஆனான், ஒற்றனும் ஆனான். திங்கட்கிழமை வந்தால் தலைவலி என்பான். கணக்கில் கெட்டிக்காரன். ஆயினும் தோழர் இருவர் விளையாட்டாகச் சச்சரவிட்டாலும் எழுந்து போய்விடுவான்.

இத்தகையோர் வாழ்வே பாழ் என்று எண்ணிவிடாதீர்கள். பல்லாண்டு இதனை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் மேவிஸ் ஹெதரிங்டன் 2002-இல் வெளியிட்ட நூலின்படி, மணமுறிவு நேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுள் கடுந்தொல்லைக்கு ஆளாவோர் நூற்றுக்கு 20 முதல் 25 பேர். ஏனைய குடும்பங்களில் 10 பேர். இரு மடங்கு என்பது சிறிதன்று. எனினும் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர்.

பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்பதைச் சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973-இலேயே தெளிவுறுத்தியது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கருத்தில் கொள்ளலாம். ஆனால் முடிவு செய்யும் பொறுப்பு நீதிபதியுடையது. “அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா?” என்று திண்ணையில் வைத்துக் கேட்கும் உறவினர் இதனை அறிதல் நன்று.

இந்நிலையிலுள்ள மாணவன், “இதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், அப்பா” என்று பணிவாகச் சொல்லலாம். அது மரியாதைக் குறைவாகாது. தோழர்களோ துருவிக் கேட்க வேண்டா. சோற்றுப் பாத்திரத்துடன் அவனருகே அமர்ந்தால் போதும். வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல ஆளில்லையெனின், 1098 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.