கதிரடிக்கும் மிஷினும் கூலியாளின் கையும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி மருந்து என்றுதான் பேசுவேன். இன்றைக்கு நம் களத்தில் வேலை செய்கிறவரின் கையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் நடந்தது இது. மக்காச்சோள அறுவடை சமயம். டிராக்டரில் இணைத்த மிஷினில் ஒருவர் கதிரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வயது நாற்பது. பொழுது சாய்கிற நேரம். அடைத்துக்கொண்ட கதிரைக் கையால் தள்ளினார். மூன்று விரல்கள் போய்விட்டன.

அவரைக் கூலிக்கு வைத்திருந்த மிஷின்காரர் நல்ல மனுஷர்தான். தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஐயாயிரம் ரூபாயும் கொடுத்தார். நான் போய்ப் பார்த்தபோது, "சார், கையை உள்ளே விட்டது அவன்தானே? இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகுதான் சட்டத்தைக் கேட்டறிந்தேன்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. டிராக்டர், மின்சாரம், இயந்திரம் இவற்றைக் கொண்டு நடக்கும் விவசாய வேலையும் இதில் அடங்கும். "ஒருநாள் கூலிக்கு வந்தவர்தானே" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. தற்காலிக ஆள் என்ற விலக்கு 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நீங்கிவிட்டது.

முக்கியமான விஷயம் இதுதான்: வேலையில் அடிபட்டால், யார் கவனக்குறைவு என்று சட்டம் பார்ப்பதில்லை. வேலைக்கு வைத்தவர் இழப்பீடு கொடுக்க வேண்டும். குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே காப்பு மூடியைக் கழற்றியது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் உயிர் போனாலோ, முழு ஊனம் ஆனாலோ அந்த விலக்கும் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதம், அதாவது 6,000. நாற்பது வயதுக்கு அட்டவணையில் உள்ள எண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 11,05,020 ரூபாய். ஒரு கையில் மூன்று விரல் போனால் இதில் 30 சதவீதம். அது 3,31,506 ரூபாய்! அவருக்குக் கிடைத்ததோ ஐயாயிரம்.

"இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று மிஷின் வைத்திருப்பவர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளில் வேலையாட்களுக்கான இழப்பீட்டு பாலிசி இருக்கிறது. அறுவடை தொடங்கும் முன்பே விசாரித்து எடுத்துவிடுங்கள். டிராக்டர் பாலிசி போதும் என்று இருந்துவிடாதீர்கள். மட்கார்டில் உட்கார வைத்து ஆள் ஏற்றிப்போய் விபத்து நடந்தால், காப்பீடு பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

அதைவிட, விபத்தே வராமல் பார்ப்பது மேல். கதிரடிக்கும் மிஷின்களை மனத்தில் வைத்துத்தான் 1983-இல் அபாயகரமான இயந்திரங்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். கதிர் போடும் தகர வாய் 90 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதில் உருளையை ஒட்டிய 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும். அப்போது கை உருளையை எட்டாது. மூடி இல்லாத மிஷினை வாங்காதீர்கள், வாடகைக்கும் கூப்பிடாதீர்கள். அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு எடுங்கள். பெல்ட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் உறை போடுங்கள். தோள் துண்டு, தொங்கும் முந்தானை இரண்டும் ஆகாது. இருட்டிலும் அசந்துபோன ஆளை வைத்தும் மிஷின் ஓட்ட வேண்டாம்.

கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடிபட்டால், "வேலையில் மிஷினில் பட்டது" என்று டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் யாரிடம் வேலை, என்ன கூலி என்பதைக் குறித்து வையுங்கள். கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டாலும், அதனால் உங்கள் உரிமை போய்விடாது. காலம் கடத்தாமல் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

நம்மில் பலர் இன்றைக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிறோம். நாளைக்கு நாமே அடுத்தவர் களத்துக்குக் கூலிக்குப் போகிறோம். ஆகவே இந்தச் சட்டம் இரண்டு பக்கமும் நமக்கு வேண்டியதுதான். நாளைக் காலையில் முதல் வேலையாக உங்கள் மிஷினின் வாயை ஒரு முழக்கோலால் அளந்து பாருங்கள்.