தப்பொலியும் பிரம்பும்



இரத்தினபுரி, கேகாலைப் பகுதி றப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் விடியுமுன்னே தப்பு முழங்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். ஆகவே பால்வெட்டுவோர் நேரத்தோடு பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் ஏச்சு, சில வேளை அன்று வேலையும் இல்லை. பல்லாண்டு இப்படிக் கேட்டவர்களுக்கு அந்த ஒலியே போதும், நெஞ்சு படபடக்கும். ஆனால் காமன் கூத்திலே அதே தப்பு ஒலித்தால் கால்கள் ஆட அல்லவா துடிக்கின்றன! ஒலி ஒன்றுதான், அதனோடு சேர்ந்து வந்தது வேறு.

இத்தகைய பழக்கத்தை ஆராய்ந்தவர் ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். சீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். ஓர் ஒலியை எழுப்பி, உடனே நாய்க்கு உணவு கொடுத்தார். பல தடவை அவ்வாறு செய்தபின் வெறும் ஒலிக்கே அதன் வாயில் உமிழ்நீர் ஊறியது. உணவின்றி ஒலியை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பியபோது அது படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் சிறிது ஓய்வுக்குப்பின் மீண்டும் தலைகாட்டியது. இந்தக் கடைசிச் சங்கதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நாமும் மறந்தோம்.

நம் மாலை வகுப்பிலே மேசைமேல் ஒரு பிரம்பு கிடந்தது. யாரையும் அடித்ததில்லை, சும்மா இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தோம். ஆனால் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு சிறுவன் உள்ளங்கையை இடுப்பிலே துடைத்துக்கொள்வான். அடிக்குக் கை நீட்டிய பழக்கம்! வேறெங்கோ புத்தகமும் அடியும் அவனுக்கு ஒன்றாக வந்திருக்கின்றன. பிரம்பை எடுத்தெறிந்தோம். ஒரு கிழமையில் சரியாகிவிடும் என்று எண்ணியது நமது பேதைமை.

அடியாத மாடு படியாது என்று பெரியோர் சிலர் நம்மைக் கடிந்தனர். மாடு படியும், ஐயா; ஆளைக் கண்டால் ஒதுங்கவும் அதே அடியிலே படித்துக்கொள்ளும்.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் குழந்தையின் பயத்தைத் தீர்த்த விதத்தை எழுதினார். குழந்தை தனக்குப் பிடித்த உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சற்றுச் சற்றாக அருகே கொண்டுவந்தார். முடிவில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.

நாமும் அவ்வாறே முயன்றோம். முதலில் கதை மட்டும். புத்தகம் மூடியே இருந்தது. பின்னர் படம் பார்த்தோம். அதன் பின்னரே எழுத்து. மாதங்கள் சென்றன.

சென்ற கிழமை அச்சிறுவன் ஒருவரும் சொல்லாமலே புத்தகத்தைத் திறந்தான். கையைத் துடைக்கவில்லை என்று சொல்லமாட்டோம். துடைத்துவிட்டுத்தான் வாசித்தான்.